வளர்வதற்காகக் குதித்த கோடை

சர்க்கரை இருக்கிறவர்கள், முழங்கால் வலி இருக்கிறவர்கள், எனக்கு ஒன்றுமே இல்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள், எல்லாருமாகச் சேர்ந்து காலையில் நடக்கிற கூட்டம்தானே நம்முடையது. போன வாரம் நான் கையில் ஸ்கிப்பிங் கயிற்றோடு மைதானத்துக்கு வந்தபோது நீங்கள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. "இந்த வயசுல இன்னா ஆட்டம் உனுக்கு?" என்று கேட்டவளுக்கு என்னைவிட வயது ஜாஸ்தி. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுக்கே தெரியும்.

நடப்பது மட்டும் போதாது, கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மருமகள் உடனே போனில் தேடி ஒன்றை வரவழைத்தாள். பிரித்துப் பார்த்தால் இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குண்டு, அவ்வளவுதான். "கயிறு எங்கம்மா?" என்றேன். "கயிறு கிடையாது அத்தை. இருக்குதுன்னு நெனச்சிக்கினு குதிக்கணும்" என்றாள். இல்லாத கயிற்றைத் தாண்டுவதற்கு நான் எதற்கு, என் நிழலே போதுமே. அதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடைத்தெருவில் நானே ஒரு சாதாரணக் கயிறு வாங்கிக்கொண்டேன்.

உங்களில் இரண்டு பேர் மறுநாளே தனியாக வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று ரகசியமாகக் கேட்டீர்கள். சொன்னேன். முதலில் டாக்டரிடம் கேளுங்கள், பிறகு உங்கள் முழங்காலிடம் கேளுங்கள். சிமெண்ட் தரை வேண்டாம், மண் தரை போதும். கயிற்றின் நடுவில் மிதித்துக்கொண்டு இரண்டு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வரவேண்டும். அதற்கு மேல் இருந்தால் காலைத் தடுக்கும். கையைச் சுற்றாதீர்கள், மணிக்கட்டைச் சுற்றுங்கள். கயிறு போகிற அளவு எம்பினால் போதும், வானத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள், யாரும் பரிசு தரப் போவதில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்டேன். அப்போது குதித்தது உடம்பு இளைப்பதற்கு இல்லை, வளர்வதற்கு. மைதானத்தில் நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் இரண்டு வகை வீடுகள் இருந்தன. தோல் பதனிடுகிற டேனரிக்கு வேலைக்குப் போகிற வீடு, ஷூ கம்பெனிக்குப் போகிற வீடு. எங்கள் வீடு இரண்டும். அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலை மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, ஊறியதை இழுத்து வெளியே போடுவார்கள். ஊறின மாட்டுத் தோல் என்ன கனம் இருக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை. வெட்டி வருகிற தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி மடித்து ஒட்ட வேண்டும், நாள் முழுக்க. ராத்திரி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துத் தூங்கியவள் நான். அந்த இரண்டு வாசனைகளும் நாற்றம் என்றே எனக்குத் தெரியாது. வேலூரிலிருந்து புதிதாக வந்த டீச்சர் ஒருவர் வகுப்புக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் தெரிந்தது.

நான் எட்டாவது முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம் அப்பா டேனரியில் வழுக்கி விழுந்தார். தோளில் தோல் சுமை இருந்தது, இடுப்பில் நல்ல அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் குனிய முடியாது. ஆறு மாதமாவது சுமை தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மா சம்பளம் மட்டும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் பேச்சு ஆரம்பித்திருக்கும். பொண்ணு எட்டாவது முடிச்சிட்டா, கம்பெனிக்கு அனுப்பலாமே.

அதற்கு ஒரு தடை இருந்தது. பள்ளிக்கூடத்தில் நம்மைச் சேர்த்தபோது தலைக்கு மேலே கையை வளைத்து அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? பிறந்த தேதி யாருக்குத் தெரியும், காது எட்டினால் ஐந்து வயது. அம்மா வேலை செய்த கம்பெனியிலும் அதே கணக்குதான். ஆள் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ் அறையின் கதவு நிலையில் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். வேலை கேட்டு வருகிற பெண்ணை அந்த நிலையில் சாய்த்து நிறுத்துவார்கள். உச்சந்தலை கோட்டைத் தொட்டால் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று அர்த்தம், பெயர் எழுதிக்கொள்வார்கள். தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் வளர்ந்துவிட்டு வர வேண்டும். இது சட்டமா என்று யாரும் கேட்டதில்லை. நியாயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், மெஷின் மேசை உயரம் எட்ட வேண்டாமா.

நான் குள்ளம். இப்போதும் குள்ளம்தான், அப்போது இன்னும் மோசம். வகுப்பில் முதல் பெஞ்சு, பிரேயரில் முதல் ஆள். தெருவில் என் பட்டப்பெயர் கத்தரிக்கா.

அப்பாவைப் பார்க்க டேனரியிலிருந்து அவருடைய தோஸ்த் ஒருவர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாப்பா இது, இந்தப் பொண்ணு இப்டியே நின்னுட்டா?"

"அதான் பேஜாரு. கோட்டுக்குப் பத்தாது" என்றார் அப்பா.

"ஸ்கிப்பிங் ஆட வுடு. என் தம்பி பொண்ணு போன வருசம் ஆடிச்சி. ரெண்டே மாசம். சரசரன்னு ஏறிடுச்சி. இப்ப கம்பெனிக்குப் போவுது."

"மெய்யாலுமா?"

"நான் இன்னா பொய் சொல்லவா இந்த வெயில்ல வந்தேன்?"

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் கோட்டைத் தொட்டால் கம்பெனி, தொடாவிட்டால் ஒன்பதாவது. அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

நீங்கள் என்னைப் பாவம் என்று நினைத்துவிடக்கூடாது. எனக்குக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. கணக்குப் பாடம் எனக்கு ஆகவே ஆகாது. கம்பெனி வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துப் போகிற அக்காமார்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள் நான். அதற்கு மேல், அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு இடுப்பு வலிக்கிறது, நான் சம்பாதித்துக் கொண்டுவந்து கொடுப்பேன் என்று நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு பொங்கும்.

கயிறு கடையில் வாங்கியதில்லை. அப்பா செய்தது. சணல் கயிறு லேசாக இருக்கும், காற்றில் தொளதொளவென்று ஆடும், அதில் குதித்தால் எலும்பு வளராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தோல் கயிறுதான் சரி என்று அப்பா முடிவு செய்தார். வட்டமான கழிவுத் தோல் துண்டு ஒன்றை எடுத்து, ஓரத்திலிருந்து கத்தியைப் போட்டு முறுக்குச் சுற்று மாதிரிச் சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டே போனார். கையகலத் துண்டிலிருந்து தெருக்கோடி வரைக்கும் வருகிற மாதிரி ஒரே வார் வந்தது. எனக்கு அது மாயமாக இருந்தது. அப்படி மூன்று வார்களை எடுத்து ஒன்றாகப் பின்னினார். கம்பெனியில் தையல் நூல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் கோன் இரண்டை அம்மா கொண்டுவந்து போட்டாள். கொண்டுவரச் சொன்னதால் கொண்டுவந்தாள். அவைதான் கைப்பிடி. கடைசியில் கயிறு முழுவதும் விளக்கெண்ணெய் தடவி நிழலில் காயப் போட்டார்.

அதன் கனம் இன்றைக்கும் என் மணிக்கட்டில் இருக்கிறது. முதல் நாள் காலையில் சர்ச் மணி அடிக்கும்போது என்னை எழுப்பித் தெருவில் நிறுத்தினார்கள். சுற்றினேன். கயிறு தலைக்கு மேலே வந்து, நெற்றியில் ஒன்று போட்டுவிட்டுக் காலடியில் விழுந்தது. இன்னொரு தரம். கெண்டைக்காலில் சுளீர் என்று ஒரு அடி. அம்மாடி! சணல் கயிறு பட்டால் தடவிக்கொண்டு போகலாம். தோல் வார் பட்டால் தோல் வார் பட்டதுதான். ஒரு வாரம் என் இரண்டு கால்களிலும் சிவப்புச் சிவப்பாகக் கோடு. தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று, "கத்தரிக்கா குதிக்குது டோய்!" என்று கத்தினார்கள்.

அப்பா வாசலில் போட்ட கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அவருக்கும் ஸ்கிப்பிங்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எவ்வளவு உயரம் எம்புகிறோமோ அவ்வளவு உயரம் வளர்வோம் என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எம்பு கண்ணு, எம்பு! இன்னும் மேல! இன்னா தரையிலயே ஒட்டிக்கினு கிடக்கற?"

நானும் முழங்காலை மடக்கி மடக்கி எம்புவேன். பத்துக் குதிப்பதற்குள் நாக்கு வெளியே வந்துவிடும், விலாவில் குத்தும். அவர் பல் தேய்க்கப் பின்பக்கம் போகும் நேரத்தில்தான் நான் உண்மையில் கற்றுக்கொண்டேன். மெல்ல, கட்டைவிரல் கனத்துக்கு எம்பினால் கயிறு தானாகப் போய்விடுகிறது. மண்ணில் 'தப்' என்று கயிறு விழுகிற சத்தம் வந்ததும் அடுத்த எம்பல். கண்ணே வேண்டாம், காது போதும். மூச்சும் ஓட்டத்துக்கு வந்துவிடும். அப்பா திரும்பி வந்ததும் மறுபடி தவளை மாதிரிக் குதிப்பேன். இப்படி அப்பாவுக்கு ஒரு குதி, எனக்கு ஒரு குதி என்று வைத்துக்கொண்டேன். கோடை பாதி போவதற்குள் எனக்கான குதியில் தெருவே வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கைதேர்ந்துவிட்டேன். கத்தரிக்கா என்று கத்தியவர்கள் கயிறு கேட்டுக் கெஞ்சினார்கள். எல்லாருக்கும் கொடுக்க மாட்டேன். எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் கொடுப்பேன். அவளும் எட்டாவது முடித்திருந்தாள், தென்னை மரம் மாதிரி இருப்பாள், குதிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை.

அந்தக் கோடையில் எனக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காரணம் தண்ணீர். டேனரித் தண்ணீர் இறங்கி எங்கள் தெருக் கிணறு உப்பாகிவிட்டது, வாயில் வைக்க முடியாது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு நிலத்துக்காரரின் பம்பு செட்டிலிருந்துதான் குடிதண்ணீர். அதுவரை நான் இடுப்பில் சின்னக் குடம் வைத்துக்கொண்டு வருவேன். அந்தக் கோடையில் அம்மா பெரிய பித்தளைக் குடத்தை எடுத்து, சும்மாடு சுருட்டி, என் தலையில் ஏற்றிவிட்டாள். காலையில் கயிறு, சாயங்காலம் குடம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தா, அத்தத் தலையில ஏத்தாத. சொமை தூக்கனா வளர மாட்டா. ஊருக்கே தெரியும்."

"அப்டியா? அப்ப நீ போய்த் தூக்கிக்கினு வா."

"நான் இந்த இடுப்ப வெச்சிக்கினு..."

"என் இடுப்பு மட்டும் இரும்பா? நின்னு நின்னு அத்துப் போவுது. அவதான் தூக்கணும்."

நான் கழுத்து இறங்க இறங்க நடந்தேன். இந்தப் பொம்பளைக்கு என்மேல் பொறாமை, அவள் போகிற கம்பெனிக்கு நானும் வந்துவிடுவேன் என்று வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் வேறு எப்படித் தோன்றும்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை அளவு. கோடு எந்த உயரம் என்று அப்பா கேட்டதற்கு அம்மா, "என் காது மடலுக்கு நேரா இருக்கும்" என்று சொல்லியிருந்தாள். அதனால் ஞாயிறுதோறும் அம்மா சுவரோடு சாய்ந்து நிற்பாள், நான் அவள் பக்கத்தில் நிற்பேன். அப்பா என் தலைமேல் ஒரு அடிஸ்கேலைப் படுக்க வைத்து, அது அம்மாவின் காதுக்குப் போகிறதா என்று பார்ப்பார். முதல் வாரம் நாலு விரல் கம்மி. ஒரு மாதம் கழித்தும் நாலு விரல் கம்மி. என் பாவாடை மட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. அது துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்றாள் அம்மா. அளக்கும்போது அவள் மிலிட்டரிக்காரி மாதிரி நிமிர்ந்து நிற்பாள். புடவை தரையில் புரளும். அதற்குள்ளே குதிகால் எங்கே இருந்தது என்று யார் குனிந்து பார்த்தார்கள்? அப்பாவால்தான் குனிய முடியாதே.

ஒரு நாள் கோடை மழை பெய்தது. கயிறு கூரை மேலே கிடந்து நனைந்து ஊறி, மறுநாள் வெயிலில் காய்ந்து விறகுக் குச்சி மாதிரி விறைத்துவிட்டது. காயப் போட்டவள் அம்மா, எடுக்காமல் விட்டவளும் அம்மா. "மறந்துட்டேன், அதுக்கு இன்னா இப்போ?" என்றாள். அது மறதிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா அதை வெந்நீரில் போட்டு, எண்ணெய் விட்டுப் பிசைந்து பிசைந்து இரண்டு நாளில் பழையபடி ஆக்கிவிட்டார். தோல் விஷயத்தில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

கடைசி வாரத்தில் அப்பாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பச்சை முட்டை குடிக்க வைத்தார், வேப்பமரக் கிளையில் தொங்க விட்டார். பிறகு தனக்குத் தெரிந்த செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி எனக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கிவந்தார். தோல் செருப்பு, அடியில் ஒரு சோலுக்கு இரண்டு சோல் வைத்துத் தைத்தது. போட்டு நின்றால் உலகமே கொஞ்சம் தாழ்ந்து தெரிந்தது. "கம்பெனி கேட்டுக்குப் போறப்போ இத்தப் போட்டுக்கினு போ கண்ணு" என்று என் காதில் சொன்னார். அம்மா செருப்பைத் திருப்பிப் பார்த்தாள், அடியைத் தட்டிப் பார்த்தாள், கீழே வைத்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை அம்மா என்னையும் எதிர்வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். விரிஞ்சிபுரம் அம்மாவின் ஊர். கோடு எட்டினால் அந்த ஊர்க் கோயிலுக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அந்தச் சாமிக்கும் சொல்லிவைத்தேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வேனில் போகிற ஆசைக்காரி மொட்டைக்குத் துணிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைம் ஆபீஸ்காரர் கண்ணாடி போட்ட பெரியவர், நல்ல மாதிரி. அறைக்குள்ளே விசிறி சுற்றியது, வெளியே வரைக்கும் புதுத் தோல் வாசனை. அம்மா கதவு நிலையின் பக்கத்தில் போய் நின்றாள். அப்போதுதான் நான் அந்தப் பச்சைக் கோட்டை முதல்முறையாகப் பார்த்தேன். அது அம்மாவின் காதுக்கு நேராக இல்லை. தாடைக்கு நேராக இருந்தது.

அம்மாவைப் பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக்காரி நிலையில் சாய்ந்தாள். கோட்டுக்கு மேலே ஒரு சாண் தலை தெரிந்தது. "போம்மா உள்ள" என்றார் பெரியவர், பெயர் எழுதிக்கொண்டார். அடுத்தது நான். புதுச் செருப்போடு போய் நின்றேன். பெரியவர் ஒரு அட்டையை என் தலைமேல் வைத்து அழுத்தினார்.

"தொட்டுடுச்சி. சரியா கோட்டு மேல உக்காருது" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. நைனாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

"செருப்பக் கழட்டு டீ" என்றாள் அம்மா.

பெரியவரே நிமிர்ந்து பார்த்தார். "இருக்கட்டும்மா. செருப்பெல்லாம் நாங்க பாக்கறதில்ல."

"இல்ல சார். கழட்டிட்டு நிக்கட்டும். ஏய், கழட்டுன்னு சொல்றேன் இல்ல?"

கழட்டினேன். தரை ஜில்லென்று இருந்தது. மறுபடி நின்றேன். மூச்சை உள்ளே இழுத்தேன், கழுத்தை நீட்டினேன், முதுகை நிலையோடு ஒட்டினேன், இரண்டு மாதம் குதித்த குதியையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அட்டை மறுபடி தலைமேல் வந்தது.

"ஒரு விரல் கம்மி" என்றார் பெரியவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு விரல்தானேம்மா. உன் பொண்ணுதான, நீயும் இங்கியே இருக்கற. நான் எழுதிக்கிறேன், வுடு" என்று பேனாவை எடுத்தார்.

"வேணாம் சார்" என்றாள் அம்மா. "கோடுன்னா கோடுதான். அப்புறம் உங்களுக்குத்தான் பேச்சு வரும். நான் கூட்டிக்கினு போறேன்."

எதிர்வீட்டுக்காரி உள்ளே போனவள் உள்ளேயே இருந்தாள். சூப்பர்வைசராக ஓய்வு பெற்றாள், பிள்ளைகள் இருவரையும் இன்ஜினியரிங் படிக்க வைத்தாள், என் வீட்டைவிடப் பெரிய வீடு கட்டியிருக்கிறாள். முதுகு மட்டும் போய்விட்டது. மூச்சும் கொஞ்சம் இழுக்கிறது. நான் படித்துக் கலெக்டர் ஆகவில்லை. தட்டுத்தடுமாறிப் பள்ளியை முடித்து, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, ஒரு ஆபீஸில் காலம் தள்ளினேன். அதனால் இதில் நீதி எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வழி முழுக்க நான் அழுதேன். செருப்பைக் காலில் போடவில்லை, கையில் பிடித்துக்கொண்டே சுடு மண்ணில் நடந்தேன். "நீ ஒரு அம்மாவா?" என்று நடுத்தெருவில் கேட்டேன். அம்மா, "வெயில் ஜாஸ்தியா இருக்குது, சீக்கிரம் நட" என்றாள். ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"இன்னா ஆச்சி? எட்டிச்சா?"

"எட்டல" என்றாள் அம்மா, அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் விடவில்லை. "எட்டிச்சி நைனா! செருப்போட நின்னப்போ எட்டிச்சி. அம்மாதான் கழட்டச் சொல்லிச்சி. அந்த சார் பரவால்ல, எழுதிக்கிறேன்னாரு. வேணாம்னு சொல்லிடுச்சி. கோடு காது கிட்ட இல்ல நைனா, தாடை கிட்ட இருக்குது. எல்லாம் பொய்!"

அப்பா மெல்லத் திரும்பினார். அம்மா பானையிலிருந்து சோற்றை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவளுக்கு விழப் போகிறது என்று நினைத்தேன். விழட்டும் என்றும் நினைத்தேன். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கை நீளும்.

"மெய்யா?" என்றார்.

அம்மா தட்டை அவர் முன்னால் வைத்தாள். "தோல் வேலைக்கு நீ போன. நானும் போனேன். போதும், வுடு" என்றாள்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார், இடுப்பு வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்க்காமலே, "திங்கக்கிழமை தான ஸ்கூலு?" என்று கேட்டார். அடுத்த மாதம் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டேனரிக்குப் போய், ராத்திரி வாட்ச்மேன் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தேன். அம்மாவோடு பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை, காரணம் சொல்லவும் இல்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை. காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் விட்டுவிட்டுப் போய்விடும், அரை நாள் சம்பளம் போய்விடும். அதற்குள் எனக்குத் தலை பின்னிவிட வேண்டும். நான் வேண்டுமென்றே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "ஆடாத டீ" என்று மண்டையில் ஒரு குட்டு வைப்பாள். வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அம்மா இரண்டாவது ஜடைக்கும் ரிப்பன் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்து ஓடுவாள்.